ரெசலூட் என்ற சொல்லும் எங்கள் கந்தோரும்

நான் வேலை செய்த கந்தோரில் பழைய கோப்புகளையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றுகிறார்களாம். போன மாதம் அங்கிருந்து ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். பெயர் சிபானா. முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

"மேடம், எண்பதாம் ஆண்டுப் பக்கத்து ரிப்போட் எல்லாத்திலயும் ஒரே இங்கிலீஷ் சொல்லுத்தான் இரிக்கி. பியோனுக்கும் அதான், ட்ரைவருக்கும் அதான், பிரதம லிகிதருக்கும் அதான். அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தான் இருந்தாங்களா?"

கேலியா மரியாதையா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் பதில் சொல்லுமுன் அடுத்ததையும் கேட்டாள். "ஒரேயொரு காவல்காரர்ர ஃபைல்ல மட்டும் கடைசி வருஷம் அந்தச் சொல்லு இல்ல. அது ஏன் மேடம்?"

இது ரெலிபோனில் சொல்கிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு பக்கத்தில் முடியும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

அந்தச் சொல் ரெசலூட். அதை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் பிள்ளைகளின் பெயர்களைக்கூட அத்தனை தடவை எழுதியிருக்க மாட்டேன்.

நான் மருதமுனைக்காரி. கல்முனையில் ஒரு புடைவைக்கடை மேல்மாடியில் மூன்று மெஷின் வைத்து நடத்திய வகுப்பில் ஒன்பது மாதம் இங்கிலீஷ் தட்டெழுத்துப் படித்தேன். அர்த்தம் பார்த்து அடித்தால் வேகம் குறையும், எழுத்தை மட்டும் பார் என்பது அங்கே முதல் பாடம். பிறகு முப்பது வருட உத்தியோகத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் மறக்கவே இல்லை. எழுபத்தேழில் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கிற ஒரு சின்னக் கந்தோரில் நியமனம் கிடைத்தது.

முதல் நாள் ஆம்பிளைகள் எல்லாரும் பெரிய யோசனையில் இருந்தார்கள். கந்தோருக்கு ஒரு பொம்புளப் பிள்ளை வந்திருக்கிறாள், அதுவும் முக்காடு போட்ட பிள்ளை, எங்கே உட்கார வைப்பது? பிரதம லிகிதர் தம்பிராசா அண்ணன் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கோப்பு வைக்கும் இரும்பு அலுமாரிகள் இரண்டை இழுத்து மண்டபத்தின் மூலையில் நிறுத்தி, அதன் பின்னால் என் மேசையைப் போட்டார். எனக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். எல்லாருக்கும் மனத்திருப்தி. என்னை யாரும் பார்க்க முடியாது என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. இரண்டு வருடத்தில் அந்தக் கந்தோரின் ரகசியங்கள் அலுமாரிக்கு உள்ளே இருந்ததைவிட அலுமாரிக்குப் பின்னால் அதிகம் இருந்தன.

சூறாவளி அடித்த அடுத்த வருடம் ஜவாத் சேர் மாற்றலாகி வந்தார். எஞ்சினியர். மெலிந்த ஆள், காற்சட்டை மடிப்பு கலையாது, சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஏசியும் நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் முழுவதும் கேட்பார், ஊற்றுப்பேனையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார். தீர்மானம் சொல்வார். சொன்னதும் பேனையின் மூடியைத் திருகிப் பூட்டிச் சட்டைப்பையில் சொருகுவார். மூடி பூட்டினால் விஷயம் முடிந்தது. அதன்பிறகு கந்தோரே தீப்பற்றினாலும் அவர் பேனையை வெளியே எடுக்க மாட்டார்.

அவருடைய முதல் உத்தியோகத்தில் ஒரு பழைய மேலதிகாரி அவரைப் பற்றி ரிப்போட் எழுதும்போது ரெசலூட் என்று ஒரு சொல் போட்டாராம். அந்த வருடமே பதவி உயர்வு வந்ததாம். அந்த ரிப்போட்டின் பிரதியைத் தன் மேசை லாச்சியில் வைத்திருந்தார். சம்பளம் கூடியது அந்தச் சொல்லால் என்பது அவர் நம்பிக்கை. சிலர் கையில் தாயத்துக் கட்டுவார்கள், இவர் ஒரு சொல்லைக் கட்டியிருந்தார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒவ்வொரு ஊழியனைப் பற்றியும் ஒரு ரகசிய ரிப்போட் கொழும்புக்குப் போக வேண்டும். ஜவாத் சேர் கையால் எழுதிச் சிவப்புக் கோப்பில் வைத்துத் தருவார். நான் கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்க வேண்டும். றப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். தாய்மொழியில் நிர்வாகம் என்று பேசத் தொடங்கி எவ்வளவோ காலம், ஆனால் ரகசியம் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆளுக்கு விளங்கக் கூடாது என்றால் அதைவிட நல்ல பூட்டு எங்கள் ஊரில் கிடையாது.

குணநலன் என்று ஒரு கட்டம் இருக்கும். ஜவாத் சேருக்கு அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரே சொல்தான். பியோன் உதுமானை வயதுக்கு மூத்தவரென்று காக்கா என்போம். உதுமான் காக்கா விறாந்தை வாங்குப் பலகையில் பத்து மணிக்குப் படுத்தால் மத்தியான லுஹர் பாங்குக்குத்தான் எழும்புவார். அவர் ரெசலூட். தூக்கத்தில் அவருக்கிருந்த உறுதியை நானும் மறுக்க மாட்டேன். தம்பிராசா அண்ணன் இருபது வருடத்தில் எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் சொன்னதில்லை. கேட்டால், "பெரியவங்க பாத்துச் செய்வாங்க" என்பார். அவரும் ரெசலூட். முதல் தடவை அடித்தபோது தமிழ் அர்த்தத்தை அகராதியில் தேடிப் பார்த்தேன். உறுதியான, திடசித்தமுள்ள, எடுத்த முடிவில் தளராத என்று போட்டிருந்தது. அலுமாரி இடுக்கால் உதுமான் காக்காவை எட்டிப் பார்த்தேன். வாய் பிளந்து கிடந்தார். அகராதியை மூடி வைத்துவிட்டேன்.

ஜவாத் சேர் மட்டும் அந்தச் சொல்லுக்கு முழு மரியாதை செய்தார் என்று சொல்ல வேண்டும். கடல் பக்க ஜன்னல்கள் வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று வந்த முதல் வாரமே தீர்மானித்தார். காற்று வெளிச்சம் ஊழியருக்கு நல்லதாம். காற்று நிலப்பக்கமிருந்து வீசும் கச்சான் காலத்தில் பரவாயில்லை. வாடைக்காற்று தொடங்கியதும் கந்தோரில் ஒரு தாளும் மேசையில் நிற்கவில்லை. வயற்காரர்களின் விண்ணப்பங்கள் பள்ளிவாசல் மதிலில் ஒட்டிக் கிடந்தன. ஜன்னலைச் சாத்தலாமா என்று ஒருவர் கேட்டார். சேர் பேனை மூடியைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஆளுக்கு ஏழெட்டுக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தோம். எங்கள் கந்தோருக்கு வந்தவர்கள் மேசையெல்லாம் கல்லைப் பார்த்து, இங்கே என்ன கல்லெறியா நடக்கிறது என்று கேட்டார்கள்.

இன்னொரு நாள் சாகாமம் போகிற வழியில் ஒரு தாம்போதிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. ட்ரைவர் ஜீப்பை நிற்பாட்டி, "சேர், தண்ணி இழுவையா இரிக்கி. திரும்புவமா?" என்று கேட்டார். மூடி ஏற்கனவே பூட்டியாகிவிட்டது. "போ" என்றார். போனது, பாதி தூரம். ட்ரைவர் நீந்திக் கரையேறி பக்கத்து வயல் போடியாரின் உழவு மிசினைக் கொண்டு வரும் வரைக்கும் சேர் ஜீப் சீற்றில் முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தாராம். அந்த வருடம் ட்ரைவருக்கும் அந்தச் சொல் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒருவரிடம் எப்படி வேலை செய்வது என்பதைத் தம்பிராசா அண்ணன்தான் எனக்குச் சொன்னார். "தங்கச்சி, மூடி பூட்ட முன்னம் கேக்கோணும். பூட்டின பிறகு அல்லாவும் முருகனும் சோடியா வந்து கேட்டாலும் ஏலாது." கந்தோர் முழுக்க அந்த வித்தையைப் பழகியிருந்தது. லீவு வேண்டியவர் பேனை வெளியில் இருக்கிற நேரம் பார்த்துப் போவார். பேனை பைக்குள் இருந்தால் காய்ச்சல்காரரும் வாசலில் திரும்பிவிடுவார்.

ஆதம்பாவா காக்காவுக்கு மட்டும் அந்த வித்தை தெரியாது. அவர் கந்தோரில் இருக்கிற ஆள் இல்லை. காட்டுப் பக்கமாக உள்ளே ஒரு சிறிய குளத்தின் காவல்காரர். மதகு திறப்பது, குளக்கட்டைப் பார்ப்பது, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் அளவுகல்லில் பார்த்துக் கொப்பியில் எழுதுவது அவர் வேலை. பதினொரு வருடமாக நாட்கூலி. மாதத்துக்கு ஒரு தடவை கொப்பியைக் கொண்டு வந்து என் ஜன்னல் கம்பிக்குள்ளால் நீட்டுவார். குறிப்பு என்கிற கட்டத்தில் அவர் எழுதுவது ஒரு சொல்லுக்கு மேல் போகாது. மழை. யானை. மழை. கசிவு. யானை. மற்றவர்களின் கொப்பியை நான் பார்க்காமலே கோப்பில் போடுவேன், அவருடையதை வாசிப்பேன். அந்தக் கந்தோரில் எழுதப்பட்டவற்றில் உள்ளதை உள்ளபடி சொன்னது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

எண்பத்தோராம் ஆண்டு, நாட்கூலிக்காரர்களில் நல்ல ரிப்போட் உள்ளவர்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஆதம்பாவா காக்காவின் பெயர் பட்டியலில் முதலாவது. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. அவருக்கோ தனக்கே வீடில்லை, குளக்கட்டுக்குப் பக்கத்தில் திணைக்களம் கொடுத்த குவாட்டஸ் வீட்டில்தான் குடும்பம். நிரந்தரமானால் குவாட்டஸ் நிற்கும், மூத்தவளுக்குப் பேசி வைத்த இடமும் நிற்கும். இல்லையென்றால் இரண்டும் போகும். இதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதே டிசம்பரில் அந்தக் குளத்து வான்கதவுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். குளம் நிரம்பினால் மேலதிகத் தண்ணீரை வெளியே விடுகிற கதவு அது. சூறாவளியில் உடைந்ததை மாற்றி, சக்கரம் வைத்த புது இரும்புக் கதவு போட்டிருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து சக்கரத்தைத் திருப்பித் திறந்து வைப்பார், வியாழக்கிழமை காலை பத்து மணி. ஜவாத் சேர் சக்கரத்தில் சிவப்பு றிபனைத் தன் கையாலேயே கட்டினார். விழா முடியுமட்டும் ஒருவரும் கதவைத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டார். அதை அடித்ததும் நான்தான். பந்தலுக்குச் சமமான தரை வேண்டும் என்று தேடி, கதவுக்குக் கீழே புல் வளர்ந்து கிடந்த இடத்தைத் தெரிவு செய்தார். அது ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. கதவு திறந்தால் தண்ணீர் ஓடுகிற பாதை அது. ஆதம்பாவா காக்கா சொல்லிப் பார்த்தாராம். மூடி பூட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை விடவில்லை. திங்கட்கிழமை ஆதம்பாவா காக்கா கதவைத் திறக்கச் சொல்லி ஒரு துண்டுக் கடிதம் அனுப்பினார், பிறகு இன்னொன்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரே சைக்கிளில் வந்துவிட்டார். சாறன் தொடைவரைக்கும் சேறு. சேரின் மேசைக்கு முன்னால் நின்று சொட்டிக்கொண்டிருந்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் மெஷினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டேன்.

"சேர், கட்டு மட்டத்துக்கு இன்னும் ரெண்டடிதான் இரிக்கி. பின்பக்கம் கசியுது. கதவத் திறக்கோணும்."

"வியாழக்கிழமதான் திறக்கிற."

"வியாழக்கிழம மட்டும் தண்ணி நிக்காது சேர்."

"நிக்கும்."

இப்படிச் சொன்னார். தண்ணீரும் அவருடைய ஊழியர் பட்டியலில் இருக்கிற மாதிரி.

"கட்டு போனா கீழ வயல் வட்டை முழுக்கப் போயிரும் சேர். எல்லாம் குடலைக்கு வாற நெல்லு, கதிர் தள்ளப் போகுது. அங்கால குடியிருப்பும் இரிக்கி."

"ஆதம்பாவா, நான் தீர்மானிச்சாச்சி."

மூடி திருகும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆதம்பாவா காக்கா கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப நான் வாறன் சேர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்குக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தவர், முதலில் றிபனை அவிழ்த்தார். வெட்டவில்லை, அவிழ்த்தார். மடித்து ஒரு சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். கட்டு நின்றது. வட்டை நின்றது. பந்தல் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றது. வியாழக்கிழமை காலை றிபனைப் பழையபடி, முன்னைவிட வடிவாக, சக்கரத்தில் கட்டி வைத்திருந்தார்.

அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். குளக்கட்டின் மேல் ஆளுக்கொரு குடையோடு வரிசையாக நின்றோம். பெரியவர் கத்தரிக்கோலால் றிபனை வெட்டினார். இரண்டு நாளாகத் திறந்து கிடக்கிற கதவைத் திறந்து வைத்தார். கீழே தண்ணீர் இரைந்த இரைச்சலில் பேச்சு ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் கை தட்டினார்கள். முடிந்ததும் பெரியவர் ஜவாத் சேரின் தோளில் தட்டி, சரியான நேரத்தில் கதவைத் திறந்து குளக்கட்டைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், விழாவுக்காகக் காத்திருக்கவில்லை, நல்ல தீர்மானம் என்றார். சேர் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். நான்கடி தூரத்தில் ஆதம்பாவா காக்கா குடையில்லாமல் நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் முகம் மாறியிருக்கும், முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு சிவப்புக் கோப்பு வந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனேன். உதுமான் ரெசலூட். தம்பிராசா ரெசலூட். ஆதம்பாவா காக்காவின் தாளில் வேறொரு சொல் இருந்தது. ஒப்ஸ்டினேட். நிரந்தரமாக்கச் சிபாரிசு இல்லை.

இந்தச் சொல்லுக்கு நான் அகராதி பார்க்கத் தேவையிருக்கவில்லை. பிடிவாதக்காரன். ஜீப்புக்குள் தண்ணீர் ஏற ஏற அசையாமல் இருந்தவர், குளத்துக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அசைந்த மனிதனுக்கு எழுதிக் கொடுத்த பெயர் அது.

எனக்குக் கோபம் வந்தது. யாரும் கூப்பிடாமலே முதல் தடவையாக அலுமாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். தம்பிராசா அண்ணன் என் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "மூடி பூட்டியாச்சி தங்கச்சி." எனக்கும் தெரியும். மாற்றச் சொல்லிக் கேட்டால் ஒரு நாளும் மாற்ற மாட்டார். ஆனால் போன வருடத்து ரிப்போட்டும் என் கையில்தான் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சேரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"சேர், போன வருஷம் இவருக்கு ரெசலூட் எண்டு போட்டிருக்கிறீங்க. இந்த வருஷம் வேற சொல்லு. கொழும்புல ரெண்டையும் ஒண்டா வெச்சிப் பாப்பாங்க."

"பாத்தா?"

"சேர் மனம் மாறிட்டீங்க எண்டு நினைப்பாங்க."

அவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை பைக்குப் போனது. பேனை வெளியே வந்தது. அந்தக் கந்தோரில் மூடி பூட்டிய ஒரு விஷயத்துக்காக அந்தப் பேனை திரும்ப வெளியே வந்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"நான் மனம் மாறுறல்ல" என்றார். "அவன் ஒரு கடிதம் தரட்டும். கதவத் தவறுதலாத் திறந்திட்டன், மன்னிக்கோணும் எண்டு. திங்கக்கிழம பகலைக்குள்ள தந்தா போன வருஷத்துச் சொல்லே இரிக்கட்டும். தராட்டி இதான்."

மூடியைப் பூட்டினார்.

அலுமாரிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் அதன் அழகு எனக்கு விளங்கியது. வளைந்து கொடுத்தால், இவன் வளையாதவன் என்று எழுதிக் கொடுப்பாராம். சிரிப்பு வந்தது. சிரித்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நாலு வரிக் கடிதம், ஒரு கையெழுத்து, ஒரு குடும்பத்துக்கு வீடு. "இந்தளவு ஆரும் அவரிட்ட வாங்கினதில்ல" என்று தம்பிராசா அண்ணன் எனக்கு ஒரு பிளேன்ரீ வரவழைத்துத் தந்தார். அது அவர் வாயிலிருந்து வந்த முதல் அபிப்பிராயம் என்று அப்போது கவனிக்கவில்லை.

கடிதத்தை நானே தமிழில் வடிவாக எழுதி வைத்தேன். திங்கட்கிழமை காலை ஆதம்பாவா காக்கா வந்தார். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட், தலையில் தொப்பி. விறாந்தைப் பக்கம் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றார். விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தையும் பேனையையும் நீட்டினேன். சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை நிறுத்தினார்.

"தவறுதலா எண்டு போட்டிருக்கீங்க புள்ள."

"அது சும்மா ஒரு பேச்சிக்குத்தான் காக்கா."

"தவறுதலா இல்லயே. பாத்துத்தானே திறந்தன்."

"சரி, அவசரத்தில எண்டு மாத்திறன்."

"அவசரமும் இல்ல. ரெண்டு நாளா யோசிச்ச."

நான் அந்த வரியையே வெட்டினேன். மிச்சம் மன்னிப்பு மட்டும்தான். அதை வாசித்துவிட்டு, "ஓம், இது இரிக்கட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு சொன்னார், "ஆனா பிந்தித் திறந்ததுக்கு மன்னிப்புக் கேக்கிறன் எண்டு எழுதுங்க. ஞாயிற்றுக்கிழமையே திறந்திரிக்கோணும். ரெண்டு நாள் பொறுத்துப் போனன். அந்த ரெண்டு நாளும் கீழ சனம் பயந்துக்கிட்டுக் கிடந்த. அது என்ட பிழ."

அப்படி ஒரு கடிதத்தைச் சேரிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நான் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், பிறகு மெதுவாகச் சொல்லவில்லை. வீட்டைச் சொன்னேன், மூத்தவளைச் சொன்னேன், பதினொரு வருடத்தைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். ஒன்றையும் மறுக்கவில்லை. பேனையை மட்டும் கம்பிக்குள்ளால் திருப்பி வைத்துவிட்டார். லுஹர் பாங்கு கேட்டது, சேர் கொடுத்த தவணை முடிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"மூணு பொம்புளப் புள்ளைகள வெச்சிக்கிட்டு இவ்வளவு பிடிவாதம் ஆகாது காக்கா. நீங்க சரியான பிடிவாதக்காரன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமில்லை. ஏதோ களைத்துப்போன மாதிரி இருந்தது.

"ஓம் புள்ள" என்றார். "அப்பிடியே அடிங்க."

தாளில் என்ன இங்கிலீஷ் சொல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சேர் எழுதியதும் நான் ஏசியதும் ஒரே சொல் என்றும் தெரியாது. எனக்குத் தெரியும். ஜவாத் சேர் பேனையால் சொன்னதை நான் வாயால் சொல்லியிருந்தேன், அதுவும் தமிழில், முகத்துக்கு நேரே.

மெஷினில் தாளைப் போட்டு அடித்தேன். கார்பனோடு மூன்று பிரதி. ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

மாசி மாதத்துக்குள் குவாட்டஸை விடச் சொல்லி அவருக்குக் கடிதம் போனது. பொத்துவில் பக்கம் மனைவியின் சொந்தக்காரரிடம் போய், ஆருடைய வயலிலோ வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டோம். பேசி வைத்த இடம் குழம்பிவிட்டது. அந்தக் குளத்துக்கு நிரந்தரக் காவல்காரராக உதுமான் காக்கா போனார். அங்கே படுப்பதற்குக் கந்தோர் வாங்கைவிட நல்ல வசதி. அந்தத் திங்கட்கிழமை நானே ஆதம்பாவா என்று ஒரு கையெழுத்தைப் போட்டிருக்கலாமே என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். போட்டிருந்தால் அவர் சைக்கிளில் வந்து, அது தன் கையெழுத்து இல்லை என்று சேரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

சிபானா பிள்ளை, நீங்கள் கேட்ட சொல்லுக்கு அகராதியில் உள்ள அர்த்தம் சரியானதுதான். அதற்குப் பொருத்தமான ஒரு ஆளை நான் முப்பது வருடத்தில் ஒரு தடவை பார்த்தேன், கம்பி ஜன்னலுக்கு வெளியே. பார்த்த உடனே ஏசினேன்.

சிவப்புக் கோப்பில் அன்றைக்கு இன்னும் ஒரு தாள் மிச்சமிருந்தது. அது என்னுடைய ரிப்போட். சேர் அதில் என்னையும் ரெசலூட் என்று எழுதியிருந்தார். அதையும் நானே அடித்தேன்.